தலை அசையாது, மூளை நகரும்: வாசகர் கேள்விகள்

மூளைக்கட்டி அறுவை பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு, அறுவையின்போது மூளை இடம் நகர்வதைச் சுற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் கேள்விகள் வந்துள்ளன. நரம்பு அறுவைத் துறையிலும் மருத்துவப் பொறியியலிலும் பணிபுரிவோர் அவற்றுக்குப் பதில் தருகிறார்கள்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: என் அண்ணனுக்கு மூளையின் வலப்பக்கம் கட்டி. கோவையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். “நேவிகேஷன் வைத்துச் செய்வோம், 2 மில்லிமீட்டருக்குள் சரியாகக் காட்டும்” என்றார் டாக்டர். கையோடு, “மூளை ஒரு சென்டிமீட்டர்கூட நகரலாம்” என்றும் சொன்னார். தலையைத்தான் கவ்வி போட்டு இறுக்கிவிடுகிறார்களே, பிறகு எப்படி நகரும்? இதில் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். டாக்டர் சொன்ன 2 மி.மீ. மண்டை ஓட்டுக்கான கணக்கு. 1 செ.மீ. அதற்குள் இருக்கும் மூளைக்கான கணக்கு.

தலையை மூன்று முள் கொண்ட கவ்வியில் பிடிப்பார்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 80 பவுண்டு அழுத்தம், அதாவது ஏறக்குறைய 27 முதல் 36 கிலோ. எலும்பு அசைய வழியில்லை. கவ்வியோடு ஒரு சின்ன பிரேம் பொருத்தியிருக்கும். அதில் மூன்று நான்கு பிரதிபலிப்பு உருண்டைகள். அகச்சிவப்பு கேமரா அந்த உருண்டைகளையும் டாக்டர் கையில் உள்ள பாயிண்டரின் உருண்டைகளையும் ஒருசேரப் பார்க்கும். பிரேமிலிருந்து பாயிண்டர் முனை எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு, முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் காட்டும். படத்தையும் தலையையும் பொருத்துவதற்குத் தோலில் ஒட்டிய குறிகளையோ, நெற்றி, மூக்கு மேட்டின் வடிவத்தையோ பயன்படுத்துவார்கள். இந்த ஏற்பாடு முழுக்க, படத்தில் மூளை எங்கே இருந்ததோ அங்கேயே இப்போதும் இருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது.

மண்டையைத் திறக்காதவரை அந்த அனுமானம் சரிதான். மூளை சுமார் 1400 கிராம். ஆனால் மூளைத்தண்டுவட நீரில் மிதப்பதால் 50 கிராம் போலத்தான் கனக்கிறது. டியூரா என்ற உறையைக் கீறியதும் அந்த நீர் வழிந்து போகிறது. மிதப்பு போனால் மூளை தன் எடைக்கே அமர்கிறது, கட்டித் தயிர் கிண்ணத்தைச் சாய்த்தால் ஒரு பக்கம் சரிவதைப் போல. வலப்பக்கக் கட்டி என்றால் பெரும்பாலும் வலப்பக்கம் மேலே வரும்படி தலையைத் திருப்பி வைப்பார்கள். ஆகவே மூளை இடப்பக்கமாகக் கீழே இறங்கும்.

மற்ற காரணங்களும் உண்டு. வீக்கம் குறைய மேனிட்டால் என்ற மருந்தை ஏற்றுவார்கள். கிலோவுக்கு 1 கிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 20 சதவீதக் கரைசலில் 300 மில்லி. கால் மணி நேரம் போல ஆனதும் மூளை சுருங்கத் தொடங்கும். கட்டியை எடுக்க எடுக்க, காலியான குழிக்குள் சுற்றியுள்ள திசு சரியும். எதிர்த் திசையிலும் நடக்கலாம்: உள்ளே அழுத்தம் அதிகமாக இருந்தால் திறந்த வாசல் வழியாக மூளை வெளியே பிதுங்கும். அதனால் “எப்போதும் கீழேதான் போகும், ஒரு சென்டிமீட்டர் கழித்துக்கொள்ளலாம்” என்று யாராலும் கண்ணை மூடிக் கணக்குப் போட முடியாது.

அமெரிக்காவின் டார்ட்மத்தில் டேவிட் ராபர்ட்ஸ் குழு 1998இல் 28 அறுவைகளில் மூளை மேற்பரப்பை அளந்தது. சராசரி நகர்வு 1 செ.மீ., திசை பெரும்பாலும் புவியீர்ப்பின் பக்கம். தலையில் சட்டகம் பூட்டாமல் அறுவை நுண்ணோக்கியில் ஸ்கேன் படத்தை இணைத்துக் காட்டும் முறையை 1986இல் கொண்டுவந்தவரும் இதே ராபர்ட்ஸ்தான். தன் முறையின் ஓட்டையைத் தானே அளந்து வெளியிட்டிருக்கிறார். அந்த நேர்மை இன்றைய விளம்பரத் தாள்களில் அவ்வளவாகத் தென்படுவதில்லை. ஜெர்மனியின் எர்லாங்கனில் 2000இல் வெளியான ஆய்வில் மேற்பரப்பு நகர்வு அதிகபட்சம் 24 மி.மீ. வரை போனது. கட்டியின் ஆழமான விளிம்பு, மூன்றில் இரண்டு பேருக்கு 3 மி.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தது.

டாக்டரிடம் நீங்கள் கேட்கவேண்டியது “கருவி எவ்வளவு துல்லியம்?” என்பதை அல்ல. “டியூரா திறந்த பிறகு நகர்வை எதை வைத்துப் பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். அல்ட்ராசவுண்ட், நடுவில் எம்.ஆர்.ஐ., ஒளிரும் மருந்து, நோயாளியை விழித்த நிலையில் வைத்து மூளையை மின்சாரத்தால் தூண்டிப் பார்ப்பது என்று ஏதாவது ஒன்று பதிலாக வரவேண்டும்.

குன்னூர், பயோமெடிக்கல் பொறியியல் மாணவி: ஆபரேஷன் தியேட்டரில் இந்த நகர்வை அளப்பது எப்படி? எந்தெந்த நேரத்தில், எந்தப் புள்ளிகளில்? தவறு எங்கே வரும்?

முதலில் எலும்பு. மண்டை ஓட்டின் வெட்டு விளிம்பைச் சுற்றி, மிகச் சிறிய துளைமுனையால் நான்கு குழிகள் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் பாயிண்டரை வைத்து இடத்தைப் பதிவு செய்யுங்கள். இது வீண் வேலை போலத் தெரியும். பின்னால் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான். அறுவையின் நடுவில் திரையில் ஏதோ தப்பாகத் தெரிந்தால், அந்த நான்கு குழிகளையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். அவையும் நகர்ந்திருந்தால் நகர்ந்தது மூளை அல்ல, பிரேம். யாரோ முழங்கையால் இடித்திருப்பார்கள், அல்லது மூட்டுத் திருகு தளர்ந்திருக்கும். குழிகள் 1 மி.மீ.க்குள் சரியாக இருந்து மூளைப் புள்ளி மட்டும் தள்ளியிருந்தால்தான் அது மூளை நகர்வு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எழுதிவைத்த நகர்வுக் கணக்குகளை நாங்கள் நம்புவதில்லை.

டியூரா திறந்தவுடன் மேற்பரப்பில் இரத்தக்குழாய்கள் கிளைபிரியும் இடங்களில் ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள். வெட்டப்போகும் இடத்துக்கு நேர்மேலே இருப்பவை வேண்டாம்; அரை மணியில் அவை இருக்காது. பாயிண்டர் முனை ஈரத்தைத் தொட்டதும் நிறுத்தவேண்டும். அழுத்தினால் அங்கேயே ஒரு மில்லிமீட்டர் போய்விடும். மூளை இதயத்துடிப்போடும் மூச்சோடும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் ஒரே நொடியின் அளவு செல்லாது. ஒரு முழு மூச்சுச் சுற்று முழுக்கப் பதிவு செய்து சராசரி எடுங்கள். மயக்க மருத்துவர் ஒப்புக்கொண்டால், மூச்சை வெளிவிட்ட நிலையில் வெண்டிலேட்டரைச் சில நொடி நிறுத்தி அளக்கலாம்.

அதே புள்ளிகளைப் பாதிக் கட்டி எடுத்ததும், முழுதும் எடுத்ததும் மறுபடி அளக்கவேண்டும். ஒரு புள்ளி மூன்று அச்சுகளில் 2, 3, 6 மி.மீ. நகர்ந்திருந்தால் மொத்தம் 7 மி.மீ. அந்த 6 எந்த அச்சில் வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அது செங்குத்து அச்சா, குழியை நோக்கிய அச்சா என்று பார்த்தால், நீர் போனதால் அமர்ந்ததா, கட்டி போனதால் சரிந்ததா என்று பிரித்துவிடலாம்.

மேற்பரப்பு மட்டும் போதாது. மேலே 10 மி.மீ. நகர்ந்தால் 4 செ.மீ. ஆழத்தில் எவ்வளவு என்பதற்கு நேர்விகிதக் கணக்கு கிடையாது. ஆழத்துக்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும். அதன் புரோபின் (மூளை மேல் வைத்துப் படம் பிடிக்கும் முனை) மேல் உருண்டைகள் பொருத்தி, அதன் படத்தளம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே அளவொத்து வைத்திருக்கவேண்டும். முதல் படத்தை டியூரா திறக்கும் முன்பே எடுத்துவிடவேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான். அந்தப் படம் எம்.ஆர்.ஐ.யோடு ஒத்துப்போகவேண்டும், ஏனெனில் இன்னும் எதுவும் நகரவில்லை. அங்கேயே 4 மி.மீ. வித்தியாசம் இருந்தால் கோளாறு தலையைப் படத்தோடு பொருத்தியதில் இருக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முகத்தின் வடிவத்தை வைத்துப் பொருத்தி, பின்மண்டையில் வேலை செய்யும்போது இது அடிக்கடி நடக்கும். திரையில் வரும் பொருத்தப் பிழை எண் சின்னதாக இருக்கிறதே என்று சமாதானம் ஆகக்கூடாது. அந்த எண் தோல் குறிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றுதான் சொல்கிறது. கட்டி இருக்கும் இடத்தில் பிழை எவ்வளவு என்று சொல்வதில்லை.

பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் அதே கோணத்தில் படம் எடுத்து, எளிதில் இனம் காணக்கூடிய அடையாளங்களை ஒப்பிடுங்கள்: வென்ட்ரிக்கிளின் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) சுவர், அதற்குள் பளிச்சென்று தெரியும் கோராய்டு பின்னல், மூளையை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தடுப்பு, ஆழமான மடிப்புகள். ஒலியின் அதிர்வெண்ணை 2, 3 செ.மீ. ஆழத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸ் போலவும், அதைவிட ஆழத்துக்கு 5 போலவும் வைத்தால் தெளிவு கிடைக்கும்.

கெடும் இடங்கள் மூன்று. புரோபின் மேல் போடும் கிருமிநீக்க உறைக்குள் ஜெல்லில் காற்றுக்குமிழி இருந்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். குழியில் ஊற்றும் சலைன் குளிர்ந்திருந்தால் ஆழம் தப்பும்: கருவி ஒலியின் வேகத்தை நொடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறது, 20 டிகிரி சலைனில் அது 1490 மீட்டர் போலத்தான். 30 மி.மீ. சலைனைக் கடந்து வந்தால் 31 ஆகக் காட்டும். உடல் சூட்டுக்குச் சூடாக்கிய சலைன் ஊற்றினால் இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும். மூன்றாவதுதான் மோசம். கட்டி எடுத்த குழியில் நிற்கும் சலைன் ஒலியைத் திசுவைப் போல உறிஞ்சாது. அதனால் குழியின் அடித்தளம் பளபளவென்று வெள்ளையாகத் தெரியும். மிச்சக் கட்டி என்று நினைத்து நல்ல மூளையை வெட்டும் ஆபத்து இதில் இருக்கிறது. புரோபைச் சாய்த்து வேறு கோணத்தில் பாருங்கள். கோணத்தோடு இடம் மாறினால் அது ஒலியின் மாயம். எந்தக் கோணத்திலும் அங்கேயே நின்றால் சந்தேகப்படலாம்.

மேற்பரப்பு நகர்வை ஸ்டீரியோ கேமராவால் அளந்து, ஆழத்தில் என்ன ஆகியிருக்கும் என்று கணினியில் கணிக்கும் முறைகளும் உண்டு. மூளையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து விசைக்கணக்கு போடுவார்கள். எவ்வளவு நீர் வழிந்தது, மூளை எங்கே மண்டையோடு ஒட்டியிருக்கிறது என்ற இரண்டையும் தப்பாகக் கொடுத்தால் விடையும் தப்பு. ஆராய்ச்சிக்கு நல்ல வயல். அன்றாடத் தியேட்டருக்கு எங்கள் ஓட்டு இன்றைக்கு அல்ட்ராசவுண்டுக்கே.

கூடலூர், இல்லத்தரசி: அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய். மூளைக்குள் கம்பி வைக்கும் சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். ஓட்டை ரொம்பச் சின்னது என்கிறார்கள். அதிலுமா மூளை நகரும்?

நகரும், குறைவாக நகர்ந்தாலும் பாதிக்கும். துளை 14 மி.மீ. போலத்தான், கம்பியின் தடிமன் 1.27 மி.மீ. ஆனால் போய்ச் சேரவேண்டிய நரம்புக் கரு (நரம்பு செல்களின் சிறு திரள்) சில மில்லிமீட்டர்தான் அகலம். 2 மி.மீ. தள்ளிப்போனாலே பேச்சுக் குழறல், கை இழுப்பு என்று பக்கவிளைவு வரலாம். துளை வழியாக நீர் வெளியேறி, அதன் இடத்தில் காற்று நுழைந்து, நெற்றிப் பக்க மூளை பின்னால் அமர்கிறது. இரண்டு பக்கமும் செய்யும்போது இரண்டாவது பக்கத்தில் இலக்கு அதிகம் தவறுவதற்குக் காரணம், அதற்குள் நீர் மேலும் வெளியேறிவிடுவதுதான். அதனால் தலையை ரொம்ப உயர்த்தாமல் வைப்பது, துளையில் சலைன் சொட்டிக்கொண்டே இருப்பது, கம்பி இறங்கியதும் ஃபைப்ரின் பசையால் அடைப்பது எல்லாம் செய்வார்கள். மூளையின் மின்சத்தத்தை நுண்கம்பியால் கேட்டும், அம்மாவை விழித்த நிலையில் கையை அசைக்கச் சொல்லியும் சரிபார்ப்பதுண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு வரச்சொல்வது அதற்காகத்தான், பயப்படவேண்டாம். காற்று கரைந்து மூளை மறுபடி எழும்பும்போது கம்பி இருக்கும் நிலை லேசாக மாறலாம். ஆகவே முதல் நாள் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டார்கள்.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: தியேட்டருக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. இருக்கும் ஆஸ்பத்திரியைத் தேடித்தான் போகவேண்டுமா? மதுரையிலேயே செய்துகொள்ளலாமா?

கட்டியின் வகையையும் இடத்தையும் பொறுத்தது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி, மண்டையின் அடித்தளத்தில் எலும்போடு ஒட்டிய கட்டி என்றால் அங்கே நகர்வு குறைவு. நகர்வுக்காகவே அந்தக் கருவியைத் தேடி அலையவேண்டியதில்லை. மூளைத் திசுவோடு கலந்து வளரும் கிளையோமா, அதிலும் கண்ணுக்கு நல்ல மூளையைப் போலவே தெரியும், மெதுவாக வளரும் குறைந்த தரக் கிளையோமா என்றால் பயன் அதிகம்.

தியேட்டருக்குள் எம்.ஆர்.ஐ. எடுப்பது அமெரிக்காவின் பாஸ்டனில் 1994இல் திறந்த அமைப்புள்ள காந்தத்தோடு தொடங்கியது. இன்றும் ஒருமுறை படம் எடுக்க, காயத்தை மூடி, இரும்புக் கருவிகளை எண்ணி வெளியே எடுத்து, எடுத்த பின் மறுபடி தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் ஓர் அறுவையில் ஓரிரு முறைதான் எடுக்கமுடியும். அல்ட்ராசவுண்டை இருபது முறை வைத்துப் பார்த்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். வேகமாக வளரும் உயர்தரக் கிளையோமாவுக்கு 5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தும் இருக்கிறது: கிலோவுக்கு 20 மில்லிகிராம், மயக்கத்துக்கு மூன்று மணி நேரம் போல முன்னால் குடிக்கவேண்டும். நீல ஒளியில் கட்டி சிவப்பாக ஒளிரும். கட்டியே நிறம் காட்டுவதால் மூளை எங்கே நகர்ந்தாலும் கவலையில்லை. அடுத்த 24 மணி நேரம் பலத்த வெளிச்சம் மேலே படக்கூடாது. குறைந்த தரக் கட்டியில் இது பெரும்பாலும் ஒளிராது.

கட்டிடத்தில் என்ன காந்தம் இருக்கிறது என்பதைவிட, உங்கள் வகைக் கட்டியை அந்த டாக்டர் எவ்வளவு செய்திருக்கிறார் என்பதற்கே நாங்கள் அதிக மதிப்பெண் கொடுப்போம்.

உதகை, மேல்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர்: அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் மூளை நகர்வைச் செய்து காட்ட விரும்புகிறார்கள். வீட்டுப் பொருளில் முடியுமா?

முடியும். மூளையின் மென்மைக்கு அகரோஸ் கூழை 0.6 சதவீதத்தில் ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. மளிகைக் கடைக் கடல்பாசியிலும் (அகர் அகர்) அங்கிருந்தே தொடங்கலாம்: லிட்டருக்கு 6 கிராம். சமையல் தராசு ஒரு கிராம் அப்படி இப்படித்தான் காட்டும் என்பதால் 2 லிட்டருக்கு 12 கிராமாகச் செய்யுங்கள். கடைக்குக் கடை தரம் மாறும்; நிற்காமல் கலைந்தால் லிட்டருக்கு 8 கிராம்வரை ஏற்றலாம்.

உதகையில் ஒரு சங்கடம். 2240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கடல்பாசி கரைய 85க்கு மேல் வேண்டும். இடைவெளி குறைவு என்பதால் இறக்கி வைத்ததும் கரையாத இழைகள் மிஞ்சும். தளதளவென்று கொதிக்கவிட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள், அல்லது குக்கரில் ஒரு விசில் விடுங்கள். ஆவியான தண்ணீரைச் சூடான நீரால் பழைய குறி வரை நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால் கூழ் கெட்டியாகிவிடும்.

அரைவட்டக் கிண்ணத்துக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து ஊற்றுங்கள். தாள் இல்லாவிட்டால் கூழ் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வராது. உறைந்ததும் கவிழ்த்து, மேலிருந்து கீழாக ஒரே வெட்டில் பாதியாக வெட்டி, தட்டையான முகத்தில் கடுகைக் கட்டம் கட்டமாக 2 செ.மீ. இடைவெளியில் பதியுங்கள். வெட்டாமல் உருண்டையாகவே வைத்தால் தண்ணீர் வடிந்ததும் வளைந்த பரப்பு லென்ஸாக மாறி, நகராத கடுகையும் நகர்ந்ததாகக் காட்டும். நடுவர் ஒருவர் இதைக் கேட்டாலே கண்காட்சி முடிந்தது.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் தட்டை முகம் உங்களைப் பார்க்கும்படி, சுவரில் படாமல் வையுங்கள். கூழ் மூழ்கும்வரை தண்ணீர். அதே தளத்தில் ஓர் எஃகு ஸ்கேலைத் தொங்கவிடுங்கள். போனை ஒரு மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் நிறுத்தி, ஜூம் செய்து, பிறகு தொடவே கூடாது. அடியில் குழாய் வழியே தண்ணீரை 1 செ.மீ. இறக்க இறக்க ஒரு படம் எடுங்கள். மேல் வரிசைக் கடுகு சில மில்லிமீட்டர் இறங்கும், கீழ் வரிசை பக்கவாட்டில் பிதுங்கும். பெட்டியை 30 டிகிரி சாய்த்துத் திரும்பச் செய்தால் நகர்வின் திசையும் மாறும். நோயாளியின் தலையை எப்படி வைக்கிறார்கள் என்பது ஏன் முக்கியம் என்று அதுவே காட்டிவிடும். கூழ் இரண்டு மூன்று நாளில் நீர்விட்டுச் சுருங்கும். முந்தின நாள் இரவு செய்வதே நல்லது.

மஞ்சூர், வாசகர்: மனைவிக்குக் கோவையில் மூளை அறுவை முடிந்து ஆறு நாள். வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். மலை ஏறினால் தலைக்குள் காற்று விரியும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் பயமுறுத்துகிறார். உண்மையா?

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மூளை அமர்ந்து இடம் விட்டபோது உள்ளே போன காற்று உடனே கரையாது. சில நாள் முதல் ஓரிரு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். கோவை சுமார் 410 மீட்டர் உயரம். நீலகிரியின் மேட்டில் 2000 மீட்டரைத் தாண்டிவிடுகிறோம். உதகை உயரத்தில் காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடைபட்ட காற்று அங்கே கால் பங்கு கூடுதல் இடம் கேட்கும். பறக்கும் விமானத்தின் உள்ளறை அழுத்தம் ஏறக்குறைய இதே அளவுதான். எனவே “விமானத்தில் போகலாமா?” என்று கேட்பதைப் போலவே மலைக்கும் கேட்கவேண்டும். சமவெளி டாக்டர்களுக்கு மஞ்சூர் எவ்வளவு உயரம் என்று தோன்றாமல் போகலாம், நீங்களே சொல்லுங்கள்.

கடைசி சி.டி.யில் காற்று எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். 5 மில்லி மிச்சம் இருந்தால் மேலே அது 6, 6.5 ஆகும்; பெரும்பாலும் பொருட்டல்ல. 40 மில்லி இருந்தால் 50 ஆகும். அப்போது இன்னும் ஒரு வாரம் கீழே உறவினர் வீட்டில் தங்கி, மறுபடி ஒரு சி.டி. பார்த்துவிட்டு ஏறுவதே சரி. மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ தெளிந்த நீர் சொட்டினால் புறப்படவே வேண்டாம். காற்று இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம்.

போகலாம் என்று டாக்டர் சொன்னால், பகலில் புறப்படுங்கள். தலையை லேசாக உயர்த்திச் சாய்த்து உட்காரவையுங்கள், மூக்கை அழுத்திச் சிந்தவேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருவது மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. வண்டியை நிறுத்தி அரை மணி ஆகியும் வாந்தி நிற்கவில்லை, ஏற ஏறத் தலைவலி கூடுகிறது, கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொல்கிறார், கைகால் ஒரு பக்கம் தளர்கிறது என்றால் அது வளைவின் வேலை அல்ல. வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பார்க்காமல், 108ஐ அழைத்துக்கொண்டே வண்டியை மேட்டுப்பாளையம் பக்கம் திருப்புங்கள். கீழே இறங்க இறங்கக் காற்று சுருங்கும்.